மாற்றியதை மட்டும் மறுபடி கட்டுவதா? ஓடும்போதே மாற்றுவதா?

மாணவர்களே, ஸ்கிராட்ச்சில் பூனையை ஓட விட்டிருப்பீர்கள். திரும்பத் திரும்பச் செய்யும் கட்டைக்குள் '10 அடி நகர்' என்று வைத்துப் பச்சைக் கொடியைச் சொடுக்கினால் பூனை ஓடத் தொடங்கும். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே 10 என்ற எண்ணை 2 என்று மாற்றிப் பாருங்கள். பூனை அந்த நொடியே மெதுவாக நடக்கும். நீங்கள் நிரலை நிறுத்தவில்லை, மறுபடி தொடங்கவும் இல்லை.

இப்போது பள்ளியின் ரோபோட்டிக் கழகத்துக்கு வாருங்கள். ஆர்டுயினோ பலகையில் ஒரு சிறு விளக்கு நொடிக்கு ஒருமுறை கண்சிமிட்டுகிறது. வேகமாகச் சிமிட்ட வேண்டுமென்று நிரலில் 1000 என்ற எண்ணை 200 என்று மாற்றுகிறீர்கள். விளக்கு அசைந்து கொடுக்கவில்லை. பதிவேற்றும் பொத்தானை அழுத்த வேண்டும். கணினி உங்கள் நிரலை இயந்திர மொழிக்கு மாற்ற வேண்டும். அது கம்பி வழியாகப் பலகைக்குப் போக வேண்டும். பலகை தன்னை மறுபடி தொடக்கிக்கொள்ள வேண்டும். அதன் பிறகுதான் விளக்கின் வேகம் மாறும்.

இரண்டு இடத்திலும் நாம் மாற்றியது ஒரே ஓர் எண்தான். ஆனால் ஒன்று உடனே பதில் சொன்னது, மற்றொன்று காத்திருக்கச் சொன்னது. உடனே பதில் சொல்வதுதான் சிறந்தது என்று தோன்றும். அப்படியானால் உலகின் பெரும் மென்பொருள்கள் பலவும் ஏன் இன்னும் இரண்டாவது வழியில் உருவாகின்றன? அந்தக் கேள்விக்கு விடை தேடினால், நிரல் எழுதும் எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று கிடைக்கும்: திரையில் தெரிவது உண்மையிலேயே நாம் எழுதியதன் விளைவுதானா?

நாசி லெமாக் கடையில் ஒரு பாடம்

முதலில் இரண்டாவது வழியைப் பார்ப்போம். மனிதர்கள் எழுதும் நிரல் கணினிக்கு நேரடியாகப் புரியாது. கம்பைலர் எனப்படும் தொகுப்பி ஒவ்வொரு கோப்பையும் இயந்திர மொழிக்கு மாற்றும். பிறகு அந்தத் துண்டுகளையெல்லாம் இணைத்து, ஓடக்கூடிய ஒரே நிரலாக்க வேண்டும். இந்த மொத்த வேலையையும் நிரலாளர்கள் 'பில்ட்' என்பார்கள். நாம் 'கட்டுதல்' என்று வைத்துக்கொள்வோம்.

நாசி லெமாக் விற்கும் ஒரு கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பொட்டலத்துக்குத் தேங்காய்ப்பால் சோறு, சம்பல், நெத்திலி, முட்டை எல்லாம் வேண்டும். சோற்றுக்கு அரிசியும் தேங்காய்ப்பாலும் வேண்டும். சம்பலுக்கு மிளகாய் விழுது, வெங்காயம், புளி வேண்டும். இப்படி ஒன்று மற்றொன்றைச் சார்ந்திருக்கிறது.

பொட்டலம் கட்டும் நேரத்தில், சம்பலில் காரம் போதவில்லை என்று தெரிகிறது. கடைக்காரர் என்ன செய்வார்? சம்பலை மட்டும் மறுபடி செய்து புதிய பொட்டலங்கள் கட்டுவார். வெந்த சோற்றைக் கொட்டிவிட்டு மறுபடி அரிசி களையமாட்டார். ஏனென்றால் சோறு மிளகாயைச் சார்ந்ததில்லை. தேங்காய்ப்பால் கெட்டுப்போயிருந்தால் கதை வேறு. அப்போது சோறும் பொட்டலமும் மறுபடி செய்ய வேண்டியவை, சம்பல் அப்படியே இருக்கலாம்.

மாறியது எது, அதைச் சார்ந்தவை எவை என்று பார்த்து, அவற்றை மட்டும் மறுபடி செய்வதற்குப் பெயர் 'பகுதிக் கட்டுமானம்'. இது எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்தும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு விளையாட்டு நிரலில் 200 கோப்புகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கோப்பை மொழிமாற்ற 3 நொடி, கடைசியில் எல்லாவற்றையும் இணைக்க 2 நொடி. முழுவதையும் கட்ட 602 நொடி, அதாவது சுமார் 10 நிமிடம். ஒரே ஒரு கோப்பு மாறியிருந்தால், அதற்கு 3 நொடியும் இணைப்புக்கு 2 நொடியும் சேர்த்து 5 நொடியில் வேலை முடிந்துவிடும். ஒரு நாளில் 30 முறை மாற்றிச் சோதித்தால் ஒரு வழியில் 5 மணி நேரம் காத்திருப்பீர்கள், மறு வழியில் இரண்டரை நிமிடம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் மாற்றிய கோப்பை வேறு 150 கோப்புகள் பயன்படுத்தினால், அவை எல்லாவற்றையும் மறுபடி மொழிமாற்ற வேண்டும். காத்திருப்பு ஏழரை நிமிடத்தைத் தாண்டிவிடும். எத்தனை வரி மாற்றினோம் என்பதைவிட, அந்த வரியை யார் யார் நம்பியிருக்கிறார்கள் என்பதே நேரத்தைத் தீர்மானிக்கிறது.

வீணாய்ப்போன ஒரு காலைப்பொழுது

இந்த வேலையைத் தானாகச் செய்யும் புகழ்பெற்ற கருவியின் பெயர் 'மேக்'. 1976இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் என்பவர் அதை எழுதினார்.

அது பிறந்த கதை சுவையானது. அவருடைய சக ஊழியர் ஸ்டீவ் ஜான்சன் ஒருநாள் மிகுந்த எரிச்சலுடன் அவர் அறைக்கு வந்தார். ஒரு நிரலில் இருந்த பிழையைத் தேடி ஒரு காலைப்பொழுது முழுவதும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார் ஜான்சன். உண்மையில் அந்தப் பிழையை அவர் ஏற்கெனவே திருத்திவிட்டார். திருத்திய கோப்பை மறுபடி மொழிமாற்ற மறந்துவிட்டார், அவ்வளவுதான். எழுதப்பட்ட நிரல் சரியாக இருந்தது, ஓடிய நிரலோ பழையது. முந்திய நாள் மாலை ஃபெல்ட்மேனும் அதே தொல்லையில் சிக்கியிருந்தார். எனவே அந்த வார இறுதியிலேயே மேக் கருவியின் முதல் வடிவத்தை எழுதி முடித்தார். அந்தக் கருவிக்காக 2003இல் ஏசிஎம் என்னும் கணினியியல் சங்கத்தின் மென்பொருள் விருது அவருக்குக் கிடைத்தது.

மேக் கருவிக்கு நாம் ஒரு பட்டியல் எழுதித் தர வேண்டும். எது வேண்டும், அது எவற்றைச் சார்ந்தது, அதை எப்படிச் செய்வது என்ற மூன்றும் அதில் இருக்கும். செய்முறைக் கட்டளைகளை அந்தக் கருவியின் கையேடு 'சமையல் குறிப்பு' என்றே அழைக்கிறது! பிறகு மேக் ஒவ்வொரு கோப்பும் கடைசியாக மாறிய நேரத்தைப் பார்க்கும். மிளகாய் விழுது சம்பலைவிடப் புதியதாக இருந்தால் சம்பலை மறுபடி செய். சம்பல் பொட்டலத்தைவிடப் புதியதாக இருந்தால் பொட்டலத்தை மறுபடி கட்டு. இந்த எளிய விதிதான் மேக்கின் உயிர்.

கடிகாரத்தை நம்பலாமா?

எளிய விதிக்கு எளிய ஓட்டைகளும் உண்டு. விரல் சேமிப்பியில் இருந்த பழைய கோப்பு ஒன்றை, அதன் பழைய தேதியுடனே திரும்ப நகலெடுத்தால், உள்ளடக்கம் மாறியிருந்தும் "இது பழையதுதானே" என்று மேக் விட்டுவிடும். இரண்டு கணினிகளின் கடிகாரங்கள் ஒத்துப்போகாவிட்டாலும் குழப்பம் வரும். மாறாக, எதையும் மாற்றாமல் கோப்பைத் திறந்து சேமித்தாலே போதும், தேவையில்லாமல் அதைச் சார்ந்தவற்றையெல்லாம் மறுபடி கட்டத் தொடங்கும்.

ஆகவே பின்னால் வந்த சில கருவிகள் நேரத்தைப் பார்க்காமல் கோப்பின் 'கைரேகை'யைப் பார்க்கின்றன. கோப்பில் உள்ள எல்லாவற்றையும் ஒரு கணித வழியில் பிசைந்து ஒரு நீண்ட எண்ணாக்குவார்கள். ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். கூகல் நிறுவனம் 2015இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட 'பேசல்' கருவி இந்த வகை. இதில் இன்னொரு வசதியும் உண்டு. ஒரு கோப்பில் நீங்கள் குறிப்புரையை மட்டும் திருத்தியிருந்தால், மொழிமாற்றிய பிறகு கிடைக்கும் துண்டு பெரும்பாலும் பழையதைப் போலவே இருக்கும். கைரேகை ஒன்றாக இருப்பதைக் கண்டதும் கருவி அங்கேயே நின்றுவிடும். அதைச் சார்ந்த மற்ற வேலைகளைத் தொடாது.

எந்தக் கருவியாலும் முழுமையாகத் தீர்க்க முடியாத ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது: பட்டியலில் எழுத மறந்த சார்பு. சம்பலுக்குப் புளி வேண்டும் என்று பட்டியலில் எழுதாவிட்டால், புளியை மாற்றினாலும் பழைய சம்பலே பொட்டலத்தில் போகும். ஜான்சனின் காலைப்பொழுது உங்களுக்கும் வாய்க்கும். இதனால்தான் சந்தேகம் வந்தால் கட்டியதையெல்லாம் அழித்துவிட்டு, மூலக் கோப்புகளிலிருந்து முழுவதையும் மறுபடி கட்டும் பழக்கம் நிரலாளர்களிடம் இன்றும் இருக்கிறது. நேரம் பிடிக்கும், ஆனால் அதன் விடையை நம்பலாம்.

கொதிக்கும்போதே ருசி பார்ப்பவர்கள்

இனி முதல் வழிக்கு வருவோம். குழம்பு கொதிக்கும்போதே ஒரு துளி உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்து, உப்பைக் கூட்டி, புளியைக் கரைத்து ஊற்றுவார்கள் நம் வீட்டில். அடுப்பை அணைப்பதில்லை, முதலிலிருந்து தொடங்குவதில்லை. ஓடும் நிரலையும் இப்படிக் கையாளும் முறைக்கு 'நேரலை நிரலாக்கம்' என்று பெயர்.

இதன் வேர் 1950களின் இறுதியில் ஜான் மெக்கார்த்தி உருவாக்கிய லிஸ்ப் மொழியில் இருக்கிறது. லிஸ்ப்பில் நிரலாளர் ஒரு வரியைத் தட்டச்சு செய்வார். கணினி அதைப் படித்து, கணக்கிட்டு, விடையைக் காட்டி, அடுத்த வரிக்குக் காத்திருக்கும். நீங்கள் பைத்தான் கற்கும்போது 2 + 3 என்று எழுதி உடனே 5 என்ற விடையைப் பெறுகிறீர்களே, அது இந்த மரபின் கொடைதான்.

1970களில் அமெரிக்காவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் ஆலன் கே, டேன் இங்கால்ஸ், அடேல் கோல்ட்பர்க் முதலியோர் 'ஸ்மால்டாக்' என்ற மொழியை உருவாக்கினார்கள். அதில் நிரல் எழுதும் இடம், ஓடும் நிரல், திரையில் தெரியும் சாளரங்கள் எல்லாம் ஒரே உலகமாக இருந்தன. இரவில் கணினியை அணைக்கும்முன் அந்த உலகம் முழுவதையும் ஒரு படம் பிடித்ததுபோல் சேமித்துவிடலாம். காலையில் திறந்தால் விட்ட இடத்தில் விட்டபடியே எல்லாம் இருக்கும்.

1979இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் தம் குழுவினருடன் அங்கே வந்தார். திரையில் எழுத்துகள் நகரும்போது ஒரேயடியாகத் தாவுவது தமக்குப் பிடிக்கவில்லை என்றும், வழுக்கிச் செல்வதுபோல் மென்மையாக நகர்த்த முடியுமா என்றும் கேட்டார். இங்கால்ஸ் அதற்குரிய நிரல் பகுதியைத் தேடி எடுத்து, அங்கேயே மாற்றினார். ஒரு நிமிடத்துக்குள் எழுத்துகள் மென்மையாக நகரத் தொடங்கின. வந்திருந்தவர்கள் வியப்பில் ஆழ்ந்தார்கள், குறிப்பாக அவர்களில் இருந்த நிரலாளர்கள், என்று ஆலன் கே பின்னாளில் எழுதினார். அந்த நாளில் மற்ற இடங்களில் அப்படியொரு மாற்றத்துக்கு நிரலை நிறுத்தி, மொழிமாற்றி, மறுபடி ஓட்ட வேண்டியிருந்தது.

ஸ்மால்டாக்குக்கும் உங்களுக்கும் ஓர் உறவு உண்டு. 2007இல் வெளிவந்த ஸ்கிராட்ச்சின் முதல் பதிப்பு, ஸ்மால்டாக்கின் வழித்தோன்றலான 'ஸ்குவீக்' மொழியில்தான் எழுதப்பட்டது. பூனை ஓடும்போதே எண்ணை மாற்ற முடிவது தற்செயலாக வந்த வசதி இல்லை. அது அந்தக் குடும்பத்தின் குணம்.

நிறுத்தவே முடியாதபோது

நேரலை முறை வசதிக்காக மட்டும் வந்ததென்று நினைக்காதீர்கள். சில நிரல்களை நிறுத்தவே முடியாது.

தொலைபேசி இணைப்பகம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அதன் மென்பொருளில் பிழை இருக்கிறது என்பதற்காக, பேசிக்கொண்டிருக்கும் ஆயிரக்கணக்கானோரின் அழைப்பைத் துண்டித்துவிட முடியுமா? சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தில் ஜோ ஆர்ம்ஸ்ட்ராங்கும் அவருடைய குழுவினரும் 1980களில் உருவாக்கிய 'எர்லாங்' மொழி இதற்கு வழி செய்தது. அதில் ஒரு நிரல் பகுதியின் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் ஒரே நேரத்தில் கணினியில் இருக்க முடியும். ஏற்கெனவே நடக்கும் வேலை பழையதில் தொடரலாம், புதிதாக வரும் வேலை புதியதற்குப் போகும். யாருடைய அழைப்பும் அறுந்துபோகாமல் மாற்றத்தை முடித்துவிடலாம்.

இன்னும் தொலைவான எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. நாசா 1998 அக்டோபரில் 'டீப் ஸ்பேஸ் 1' என்ற விண்கலத்தை ஏவியது. 1999 மே மாதத்தில், தானாக முடிவெடுக்கும் ஒரு லிஸ்ப் நிரல் அதைச் சிறிது காலம் இயக்கியது. நடுவில் அந்த நிரல் முடங்கிவிட்டது. ஒரே நேரத்தில் ஓடும் இரு வேலைகள் தவறான வரிசையில் நடந்ததால் வந்த கோளாறு அது. கலமோ பல கோடி கிலோமீட்டருக்கு அப்பால். கலத்துக்குள் ஓடிக்கொண்டிருந்த லிஸ்ப் சூழலுடன் நேரடியாகப் பேச முடிந்தது கோளாறைக் கண்டறியப் பெரிதும் கைகொடுத்தது என்று அந்தத் திட்டத்தில் பணியாற்றிய பொறியாளர் ஒருவர் பின்னர் எழுதினார்.

எவ்வளவு உப்பு போட்டோம்?

இவ்வளவு வசதி இருந்தும் எல்லாரும் ஏன் நேரலை முறைக்கு மாறவில்லை? குழம்புக்கே திரும்புவோம். ருசி பார்த்துப் பார்த்து இருபது முறை எதையாவது சேர்த்தாயிற்று. குழம்பு அருமை. "அளவு சொல்லுங்களேன்" என்று பக்கத்து வீட்டார் கேட்டால் என்ன சொல்வது? குழம்பு இருக்கிறது, ஆனால் அதற்கான குறிப்பு எங்கும் இல்லை.

ஓடும் நிரலுக்குள் அந்த நேரத்தில் இருக்கும் எண்கள், இடங்கள், பட்டியல்கள் எல்லாவற்றையும் சேர்த்து 'நிலை' என்பார்கள். நேரலைச் சூழலில் நிலை பழைய செயல்களின் எச்சங்களைச் சுமந்துகொண்டே போகும். ஸ்கிராட்ச்சில் இதை நீங்களே கண்டிருப்பீர்கள். விளையாட்டை நிறுத்தும்போது பூனை வலது மூலையில் நின்றால், அடுத்த முறை அங்கிருந்தே தொடங்கும். பச்சைக் கொடிக்குக் கீழே 'நடுவுக்குப் போ', 'புள்ளி 0' என்றெல்லாம் வைக்கச் சொல்லி ஆசிரியர் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

அறிவியலாளர்கள் பெரிதும் பயன்படுத்தும் 'ஜூப்பிட்டர்' ஏட்டிலும் இதே சிக்கல். அதில் பைத்தான் நிரலைக் கட்டம் கட்டமாக எழுதி, எந்தக் கட்டத்தை வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் ஓட்டலாம். மூன்று கட்டங்கள் இருப்பதாகக் கொள்வோம்:

கட்டம் 1: விலை = 5
கட்டம் 2: விலை = விலை + 1
கட்டம் 3: விலையைக் காட்டு

வரிசையாக ஓட்டினால் விடை 6. நீங்கள் இரண்டாம் கட்டத்தைத் தெரியாமல் மூன்று முறை ஓட்டிவிட்டால் விடை 8. பிறகு இரண்டாம் கட்டத்தையே அழித்துவிட்டாலும் கணினியின் நினைவில் 8 அப்படியே இருக்கும். இப்போது ஏட்டைப் படிப்பவருக்கு 'விலை = 5' என்றும், விடை 8 என்றும் தெரியும். 8 எங்கிருந்து வந்தது என்று சொல்ல ஏட்டில் ஒரு வரிகூட இல்லை.

சிரித்துவிட்டு விடும் விஷயமில்லை இது. இணையத்தில் பொதுவில் இருந்த லட்சக்கணக்கான ஜூப்பிட்டர் ஏடுகளை ஆய்வாளர்கள் மறுபடி ஓட்டிப் பார்த்து 2019இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்கள் ஓட்டியவற்றில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுதான் பிழையில்லாமல் கடைசிவரை ஓடியது. ஏட்டில் முன்பிருந்த அதே விடையைத் தந்தவை சுமார் 4 விழுக்காடுதான். தேவையான மென்பொருள் இல்லாமை போன்ற வேறு காரணங்களும் இதில் உண்டு. ஆனாலும் கட்டங்களைத் தாறுமாறான வரிசையில் ஓட்டியது முக்கியமான காரணங்களில் ஒன்று. ஒருவர் செய்ததை மற்றொருவர் செய்து சரிபார்க்க முடிவதுதான் அறிவியல். சரிபார்க்க முடியாத விடை, எவ்வளவு அழகான வரைபடமாக இருந்தாலும், சான்றாகாது.

இப்போது இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பகுதிக் கட்டுமானம் தவறினால், எழுதியது புதிது, ஓடுவது பழையது. நேரலை முறை தவறினால், ஓடுவதில் இருப்பது எழுதியதில் இல்லை. வெவ்வேறு திசையிலிருந்து வந்தாலும் இரண்டும் ஒரே குழியில்தான் விழுகின்றன: எழுதப்பட்டதும் ஓடுவதும் பிரிந்துபோகின்றன. இரண்டுக்கும் மருந்தும் ஒன்றே. அவ்வப்போது எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இரண்டும் சந்திக்கும் இடம்

இரண்டையும் சேர்க்க முடியாதா? முடியும். நீங்கள் தினமும் பார்க்கும் ஒன்றில் அது நடக்கிறது. எக்செல் போன்ற விரிதாளில் மதிப்பெண் பட்டியல் போட்டிருப்பீர்கள். ஒரு மாணவரின் கணித மதிப்பெண்ணை மாற்றியதும் அவருடைய மொத்தம், சராசரி, வகுப்புச் சராசரி எல்லாம் உடனே மாறும். இது நேரலை. ஆனால் மற்ற மாணவர்களின் மொத்தங்களை எக்செல் மறுபடி கணக்கிடுவதில்லை. எந்தக் கட்டம் எந்தக் கட்டத்தைச் சார்ந்தது என்று அதற்குத் தெரியும். இது பகுதிக் கட்டுமானம். டேன் பிரிக்லினும் பாப் ஃபிராங்ஸ்டனும் 1979இல் 'விசிகால்க்' என்ற விரிதாளைக் கணினிக்குக் கொண்டுவந்தபோது, நிரல் எழுதத் தெரியாதவர்களின் கையிலும் ஒரு நேரலைச் சூழல் வந்து சேர்ந்தது. 2018இல் மூன்று கணினியியலாளர்கள் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரை, எக்செலையும் மேக், பேசல் போன்றவற்றோடு ஒரே வரிசையில் வைத்து ஆராய்ந்தது.

விரிதாளில் இது எளிதாக முடிவதற்குக் காரணம், ஒவ்வொரு கட்டத்தின் விடையும் அதில் உள்ள சூத்திரத்தால் மட்டுமே தீர்மானிக்கப்படுகிறது. நேற்று என்ன இருந்தது என்பது அதற்குத் தேவையில்லை. ஓடும் விளையாட்டோ அப்படியில்லை. அதில் கடந்த காலம் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

கைப்பேசிச் செயலிகளை உருவாக்க உதவும் 'ஃபிளட்டர்' வேறு வகையில் சமரசம் செய்துகொண்டது. செயலியை எழுதும் காலத்தில், ஓடும் செயலியிலேயே மாற்றத்தைப் புகுத்தலாம். ஐந்தாவது திரையில் ஒரு பொத்தானின் நிறத்தை மாற்ற, முதல் திரையிலிருந்து மறுபடி வரத் தேவையில்லை. ஆனால் செயலி தொடங்கும்போது ஒருமுறை மட்டும் ஓடும் நிரல் பகுதியை நீங்கள் மாற்றினால், அந்த மாற்றம் தெரியாது. அதற்கு மறுதொடக்கம் வேண்டும். செயலியை மக்களுக்கு வெளியிடும்போதோ நேரலை வசதி எதுவுமின்றி, முழுவதையும் முன்கூட்டியே இயந்திர மொழிக்கு மாற்றிக் கட்டிவிடுகிறார்கள். சமைக்கும்போது ருசி பார், விற்கும்போது குறிப்பின்படி செய் என்பதுபோல.

நீங்கள் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்?

அடுத்த முறை அறிவியல் விழாவுக்கோ கழகத்துக்கோ ஒரு திட்டம் தொடங்கும்போது, கருவியைத் தேர்வதற்கு முன் இந்தக் கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. நான் தேடுகிறேனா, முடிக்கிறேனா? வண்ணம், வேகம், இசை, வரைபடம் போன்றவற்றில் எது நன்றாக இருக்கும் என்று தெரியாமல் தேடும் கட்டத்தில் நேரலைச் சூழல் சிறந்தது. என்ன வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்த பிறகு கட்டும் முறை போதும்.

2. எவ்வளவு நேரம் காத்திருக்கிறேன்? பத்தில் ஒரு நொடிக்குள் பதில் வந்தால் அது உடனடியாக நடந்ததாகவே நமக்குத் தோன்றும். ஒரு நொடி வரை சிந்தனை அறுந்துபோகாது. பத்து நொடியைத் தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும். கணினிப் பயன்பாட்டை ஆராய்ந்தவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் அளவுகள் இவை. உங்கள் கட்டும் நேரம் ஒரு நொடிதான் என்றால் நேரலைச் சூழலைத் தேடி அலைய வேண்டியதில்லை.

3. சோதிக்க வேண்டிய இடத்துக்குப் போவது கடினமா? விளையாட்டின் ஏழாவது நிலையை அடைந்தால்தான் பிழை தெரியும் என்றால், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து விளையாடுவது கொடுமை. நிலையைக் காப்பாற்றும் நேரலை முறை அங்கே உதவும்.

4. எத்தனை பேர் சேர்ந்து எழுதுகிறோம்? ஒருவரின் கணினியில் மட்டும் இருக்கும் நிலையை மற்றவரால் பார்க்க முடியாது. நான்கு பேர் சேர்ந்து எழுதும் நிரலில் எல்லாம் கோப்பில் இருக்க வேண்டும், அந்தக் கோப்பிலிருந்து யார் கட்டினாலும் ஒரே நிரல் வர வேண்டும்.

5. விடை தவறானால் யாருக்கு நட்டம்? நண்பர்களுக்கான விளையாட்டில் பூனை தவறான மூலையில் நின்றால் சிரித்துவிடலாம். மருந்தின் அளவைக் கணக்கிடும் நிரலில் எங்கிருந்து வந்ததென்று தெரியாத எண் ஒன்றுகூட இருக்கக் கூடாது. அங்கே முதலிலிருந்து கட்டிச் சோதித்த நிரலை மட்டுமே நம்பலாம்.

பள்ளித் திட்டங்களுக்குப் பெரும்பாலும் இந்த வரிசை பொருந்தும்: நேரலைச் சூழலில் தேடுங்கள், கிடைத்ததைக் கோப்பில் எழுதுங்கள், ஒப்படைக்கும் முன்பு எல்லாவற்றையும் மூடிவிட்டு முதலிலிருந்து ஒருமுறை ஓட்டுங்கள். முடிந்தால் அதை நண்பர் ஒருவரின் கணினியில் செய்யுங்கள்.

செய்து பாருங்கள்

• ஆர்டுயினோ நிரல் ஒன்றைத் திறந்து, மொழிமாற்றச் சொல்லி எத்தனை நொடி ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஓர் எண்ணை மட்டும் மாற்றி உடனே மறுபடி செய்யுங்கள். இரண்டாவது முறை பெரும்பாலும் விரைவாக முடியும். அமைப்புகளில் விரிவான செய்திகளைக் காட்டச் சொன்னால், ஏற்கெனவே மொழிமாற்றிய கோப்புகளைத் திரும்பப் பயன்படுத்துவதாக அதுவே சொல்லும்.

• உங்கள் பழைய ஸ்கிராட்ச் விளையாட்டை எடுத்து, நடுவில் நிறுத்தி, மறுபடி பச்சைக் கொடியைச் சொடுக்குங்கள். இடம், புள்ளி, உடை, பின்னணி ஆகியவற்றில் எது பழைய ஆட்டத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வருகிறது? பட்டியலிடுங்கள்.

• ஜூப்பிட்டர் ஏடு அல்லது அதுபோன்ற ஒன்றைப் பயன்படுத்துபவராக இருந்தால், மறுதொடக்கம் செய்து எல்லாக் கட்டங்களையும் வரிசையாக ஓட்டும் கட்டளையைத் தேடிப் பாருங்கள். அதே விடை வருகிறதா?

சிந்திக்க ஒரு புதிர்

பள்ளி ஆண்டிதழ் ஒன்று முன்னட்டை, கட்டுரைப் பக்கங்கள், படப் பக்கங்கள் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கட்டப்படுகிறது. முன்னட்டைக்குப் பள்ளிச் சின்னமும் எழுத்துருவும் வேண்டும். கட்டுரைப் பக்கங்களுக்குக் கட்டுரைகளும் அதே எழுத்துருவும் வேண்டும். படப் பக்கங்களுக்கு நிழற்படங்கள் மட்டும் வேண்டும். அச்சுக்குப் போகும் முன்தினம் எழுத்துருவை மாற்றுகிறார்கள். எவற்றை மறுபடி செய்ய வேண்டும்? சின்னத்தை மட்டும் மாற்றியிருந்தால்?

விடை: எழுத்துரு மாறினால் முன்னட்டை, கட்டுரைப் பக்கங்கள், முழு இதழ் என மூன்று வேலைகள். சின்னம் மட்டும் மாறினால் முன்னட்டை, முழு இதழ் என இரண்டு வேலைகள். படப் பக்கங்களை இரண்டு முறையும் தொட வேண்டியதில்லை.